எல்லாப் பக்கமும் கேட்கும் மைக்

10.2.86, திங்கள்
கோப்பாய்

காலை முழுவதும் ஒரு றெக்கோடிங்கும் நடக்கவில்லை. பக்கத்துத் தோட்டத்தில் வெங்காயத்துக்கு இறைக்கிற மெசின் விடியத் தொடங்கியது, வெயில் ஏறித்தான் நின்றது. அது நிற்கக் காகம். காகம் ஓயக் கோட்டைப் பக்கம் ஷெல். பட்டணத்துக் கடையை ஷெல்லுக்குப் பயந்து மூடிவிட்டு, வீட்டுப் பின்னறையில் முட்டைத் தட்டு ஒட்டி, சாக்குத் தொங்கவிட்டு, ஸ்ரூடியோ என்று வாசலில் பலகையும் மாட்டியிருக்கிறேன். கோப்பாய் அமைதியான இடம் என்று எவனோ சொன்னான். அவனுக்குக் காது கேளாது போலிருக்கிறது.

மத்தியானம் ஜேர்மனியில் இருந்து கடிதம். தங்கை குணலட்சுமிக்குப் பேசியிருக்கும் மாப்பிள்ளை இராசநாயகம் எழுதியது. தையில் படம் மாறி, சாதகமும் பொருந்தி, இரண்டு பக்கமும் ஓம் சொல்லியாகிவிட்டது. ஆவணியில் அங்கே கலியாணம். இங்கிருந்து பெண் மட்டும் போகும், எங்களில் ஒருவரும் போக வழியில்லை. அங்கே மண்டபம் இருக்கிறதாம், ஐயர் ஒருவரும் இருக்கிறாராம், மேளகாரர்தான் இல்லையாம். எல்லாக் கலியாணத்துக்கும் ஒரே கசெற் ஓடுகிறதாம். பிரதிக்குப் பிரதி எடுத்ததில் நாதஸ்வரம் காதோரம் பறக்கிற நுளம்பு மாதிரிக் கேட்கிறது என்று எழுதியிருக்கிறார். மச்சான் ஸ்ரூடியோ வைத்திருக்கிறார்தானே, நல்லதாக ஒன்று செய்து பெண்ணோடு அனுப்பட்டும் என்கிறார். மச்சானுக்கு என்ன வேண்டும், மணிக்கூடா, வீடியோ டெக்கா என்றும் கேட்டிருக்கிறார்.

நல்ல மனிசன். என்ன வேண்டும் என்று கேட்கிற மனிசரை நான் கண்டதே குறைவு.

11.2.86

மைக் வேண்டும் என்று வீட்டில் சொன்னேன். அம்மா அகப்பையைக் கீழே வைத்துவிட்டுத் திரும்பிப் பார்த்தா. மாப்பிள்ளை வீட்டில் மைக் கேட்ட குடும்பம் என்று ஊர் சொல்லாதா என்பது அம்மாவின் கவலை. வீடியோ டெக் கேட்டால் ஊர் ஒன்றும் சொல்லாதாம், வந்திருந்து படம் பார்க்குமாம்.

ஐயா ஒன்றும் சொல்லவில்லை. தையில் இருந்தே ஐயா ஒன்றும் சொல்வதில்லை. குணமும் அப்படித்தான். வீட்டில் கதைக்கிற ஆள் நான் ஒருவன்தான் என்று படுகிறது.

16.2.86

என்னிடம் இப்போது இருப்பது கோயில் திருவிழாவுக்கும் கூட்டங்களுக்கும் பிடிக்கிற தலை பெருத்த மைக். வாயோடு வைத்துக் கத்தினால் எடுக்கும். ஒரு முழம் தள்ளி நின்றால் தனக்கும் அதுக்கும் சம்பந்தம் இல்லை என்று இருந்துவிடும். எனக்கு வேண்டியது கொண்டென்சர் மைக். அதில் சத்தம் பட்டு அதிர்கிற சவ்வு, டயப்பிரம், பெரிதாக உள்ளது ஒரு சாதி, சின்ன டயப்பிரம் உள்ளது ஒரு சாதி. பெரியது பாடகர்களுக்கு: குரலுக்குக் கொஞ்சம் பவுடர் பூசிக் கொடுக்கும். சின்னதுக்கு அந்தப் பழக்கம் இல்லை. உள்ளதை உள்ளபடி எடுக்கும். தவிலில் ஒவ்வொரு விரலும் தனித்தனியாக விழும்.

இதெல்லாம் கொழும்பில் வாங்கிய கட்டலொக்கில் இருக்கிறது. அதில் பாதி எனக்குப் பாடம். தேவாரம் இவ்வளவு பாடமாக இருந்திருந்தால் ஐயா எப்போதோ என்னோடு கதைத்திருப்பார்.

சின்ன டயப்பிரம் என்று முடிவு செய்து ஜேர்மனிக்கு எழுதிப் போட்டுவிட்டேன்.

2.3.86, ஞாயிறு

சோமசேகரம் மாமா கொழும்பிலிருந்து லீவில் வந்திருக்கிறார். அம்மாவின் தம்பி. கந்தோரில் கிளாக்கர், எந்த விஷயத்திலும் ஒரு வார்த்தை சொல்லாமல் அவருக்குச் சோறு இறங்காது.

இப்போது என் தலைக்குள் இருக்கிற பிரச்சினையை அவரிடம் சொன்னேன். சின்ன டயப்பிரத்திலும் இரண்டு வகை உண்டு. ஒன்று முன்பக்கம் மட்டும் கேட்கும், முதுகுப் பக்கம் நடப்பது அதுக்குத் தேவையில்லை. மற்றது எல்லாப் பக்கமும் ஒரே மாதிரிக் கேட்கும். இயற்கையாக இருப்பது இரண்டாவதுதான் என்று கட்டலொக் சொல்கிறது.

மாமா தன் மனைவி செல்வநாயகி மாமியை ஒருமுறை பார்த்தார்.

"எல்லாப் பக்கமும் கேக்கிறது எங்கடை வீட்டிலையே ஒண்டு கிடக்கு. நீ அதுக்கேன் ஜேர்மனிக்கு எழுதுறாய்?"

மாமி சிரிக்கவில்லை. அடுப்படியில் தேங்காய் துருவிக்கொண்டிருந்த குணம் சிரித்தாள். தை பிறந்த பிறகு அவள் சிரித்து நான் பார்த்தது இன்றுதான்.

19.3.86

மாப்பிள்ளையின் பதில். கடைக்குப் போனாராம். என்ன வாத்தியம் என்று கடைக்காரன் கேட்டானாம். நாதஸ்வரத்தை ஜேர்மன் பாஷையில் சொல்லத் தெரியாமல், நீளமான குழல், மிகவும் சத்தம் என்று கையால் காட்டியிருக்கிறார். எவ்வளவு சத்தம் என்று கேட்டதற்கு வாயால் ஊதியும் காட்டினாராம். கடையில் நின்ற மற்றவர்கள் திரும்பிப் பார்த்தார்களாம்.

அன்றே இரண்டாவது கடிதம் எழுதினேன். எவ்வளவு சத்தம் வரை தாங்கும், மைக்கின் சொந்த இரைச்சல் எவ்வளவு, சூட்டிலும் ஈரத்திலும் என்ன செய்யும், தலையைக் கழற்றி மாற்றலாமா — நான்கு பக்கம். கடைசியில் இடம் இருந்தபடியால் 'குணம் சுகமாக இருக்கிறாள்' என்றும் எழுதினேன்.

மைக்கின் சொந்த இரைச்சல் மிகக் குறைவாக இருக்க வேண்டும் என்பதில் நான் கண்டிப்பாக இருக்கிறேன். எழுதிக்கொண்டிருக்கும்போது ஆமி ஹெலிகொப்டர் ஒன்று கூரைக்கு மேலால் போனது. போய் முடியும்வரை பேனையை வைத்துவிட்டு மேசைக்குக் கீழ் இருந்தேன்.

13.4.86

மூன்றாவது கடிதம். எல்லாப் பக்கமும் கேட்பதே வேண்டும் என்று எழுதிவிட்டேன். இனி யோசனை இல்லை.

இந்த மைக்குக்கு உள்ளுக்குக் கரண்டும் வேண்டும். நாற்பத்தெட்டு வோல்ற். என் மிக்சரில் அது இல்லை. சின்னச் சதுரப் பற்றறிகளை வரிசையாகக் கோத்து ஒரு பெட்டி செய்திருக்கிறேன். சீமெந்துத் தரையில் வெறுங்காலோடு நின்று சோதித்ததில் வேலை செய்கிறது என்று நிச்சயமாகத் தெரிந்தது.

நாளைக்கு வருஷப் பிறப்பு. அம்மா குணத்துக்குச் சீலை எடுத்திருக்கிறா. அவள் அதைப் பிரித்துப் பார்க்கவில்லை. பாலர் வகுப்புப் பிள்ளைகளுக்கு மட்டையில் பூனை வெட்டிக்கொண்டிருக்கிறாள். அவள் படிப்பிக்கும் பள்ளிக்கூடம் ஆவணியில் அவளுக்குப் பதில் ஆள் பார்க்க வேண்டும்.

26.4.86

கடிதம் இல்லை. கரண்டும் இல்லை.

18.5.86, ஞாயிறு

வந்துவிட்டது.

மாப்பிள்ளை கொழும்புக்கு யாரிடமோ கொடுத்துவிட, அங்கிருந்து மாமா கொண்டு வந்தார். ஆனையிறவு ஆமி முகாமடியில் இறக்கிச் சோதித்தார்களாம். ஆமிக்காரன் ஒருவன் பெட்டியைத் திறந்து, மைக்கை எடுத்து, ஒரு கண்ணை மூடிக் குழாய்க்குள் பார்த்திருக்கிறான். பிறகு தலையைத் திருகிக் கழற்றினானாம். மைக் என்று மாமா சிங்களத்தில் சொன்னதை அவன் நம்பவில்லை. நம்பாதவன் திரும்பப் பூட்டி, வாய்க்குப் பக்கத்தில் பிடித்து, 'ஹலோ, ஹலோ' என்றானாம். ஒரு சத்தமும் வரவில்லை. பழுதான சாமான் என்று மாமாவுக்காகப் பரிதாபப்பட்டுத் திருப்பிக் கொடுத்திருக்கிறான்.

என் மைக்கிடம் முதன்முதல் கதைத்த மனிதன் அவன்தான். பவர் இல்லாததால் அது கேட்கவில்லை.

20.5.86

ஊர் வந்து பார்த்துவிட்டுப் போகிறது. வந்தவர்கள் எல்லோரும் முதலில் மைக்கைப் பார்க்கிறார்கள், பிறகு பெட்டிக்குள் இன்னும் ஏதாவது இருக்கிறதா என்று பார்க்கிறார்கள். ஒரு பென்சில் நீளம்தான். செல்வநாயகி மாமி கையில் வாங்கிப் புரட்டிப் பார்த்தா.

"என்ன உது, சுருட்டே?"

அம்மாவுக்கு அழுகை வராத குறை. ஜேர்மனி மாப்பிள்ளை அனுப்பியது என்று நாலு பேருக்குக் காட்ட இது எந்த வகையிலும் உதவாது. அலுமாரிக்குள் வைத்துப் பூட்டு என்றா, களவு போகும் என்ற பயத்தில் அல்ல.

நான் போட்டுக் கேட்டேன். அறைக்குள் நான் மூச்சு விடுவது கேட்டது. முற்றத்தில் கோழி கிளறுவது கேட்டது. அடுப்படியில் குணம் வளையலைக் கழற்றி வைப்பது கேட்டது. இத்தனை நாளும் செவிடனாய் இருந்தேன் என்று நினைத்துக்கொண்டேன்.

1.6.86

அளவெட்டியிலிருந்து கதிரவேலு அண்ணை தன் ஆட்களோடு வந்தார். நாதஸ்வரம் அவர், தவில் இரண்டு. வந்து இருந்து, சீவாளியை நனைத்துக்கொண்டு, மைக் எங்கே என்று கேட்டார். காட்டினேன். இன்னொரு தடவை கேட்டார்.

திருவிழாக்களில் தன் முன்னால் வெள்ளித் தலை மைக் இரண்டு நிற்கும், படத்திலும் அது விழும், உந்தச் சின்னதைப் பார்த்து ஊதினால் காற்று வராது என்றார். கோபமாகச் சொல்லவில்லை. ஆனால் நாதஸ்வரத்தை உறையில் போடத் தொடங்கினார்.

பழைய பெரிய மைக்கை எடுத்துத் துடைத்து, அவருக்கு நேர் முன்னால் நிறுத்தி, வயரின் மறுமுனையை மேசைக்குப் பின்னால் எறிந்துவிட்டேன். அது ஒன்றிலும் பூட்டவில்லை. சின்னதை மூலையில், அவர் கண்ணில் படாமல். அண்ணை பெரிய மைக்கைப் பார்த்துத் தலையை ஆட்டிவிட்டு ஊதினார். என்ன ஊதல்! மூலையில் இருந்தது எல்லாவற்றையும் எடுத்தது. சீவாளியில் உதடு படுவது முதல் எடுத்தது.

3.6.86

வீட்டாருக்குப் போட்டுக் காட்டினேன். இவ்வளவு சுத்தமாக நாதஸ்வரத்தை இந்தக் குடாநாட்டில் ஒருவரும் எடுத்ததில்லை, அதை எந்தக் கோயிலிலும் சத்தியம் பண்ணுவேன்.

எல்லோரும் முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டு இருந்தார்கள். அம்மாதான் சொன்னா.

"சனம் இல்லையே தம்பி. ஒரு குஞ்சு குருமான் அழுற சத்தமும் இல்லை. நாதியில்லாத கலியாணம் மாதிரிக் கிடக்கு."

அங்கே மண்டபத்தில் சனம் இருக்கும்தானே என்றேன். ஜேர்மனியில் எத்தனை பேர் வரப்போகினம், வாறவையும் யாரோ தெரியாத ஆக்கள்தானே என்றா. என் பிள்ளை கழுத்து நீட்டிற நேரம் சொந்தக்காரர் சத்தமாவது கேட்க வேண்டாமா என்றா.

அதற்குப் பதில் தேடிக் கட்டலொக்கைப் புரட்டினேன். அதில் இல்லை.

8.6.86

முடிவாகிவிட்டது. வீட்டு முற்றத்தில் சனத்தைக் கூட்டி வைத்து, கலியாண வீட்டுச் சலசலப்போடு மேளத்தை எடுப்பது. சத்தத்துக்கு மட்டும்தான், சும்மா வந்து இருந்து கதைத்துவிட்டுப் போனால் போதும் என்று சொல்லி அனுப்பினேன்.

அம்மா நாள் பார்க்க ஐயரிடம் போனா. றெக்கோடிங்குக்கு நாளா என்று கேட்டேன். கெட்டிமேளம் அடிக்கப் போகிறது, கண்ட நேரத்தில் அடிக்கிறதா என்றா. ஐயர் ஆனி ஐந்து என்று முகூர்த்தம் குறித்துக் கொடுத்தார். தான் வரமாட்டாராம். மாப்பிள்ளை பொம்பிளை இல்லாமல் மந்திரம் சொன்னால் அது போய் யாரில் விழும் என்று தெரியாதாம்.

14.6.86

ஒழுங்கை முடக்கில் இருக்கும் பெரியப்பா வீட்டார் கோபம். முறைப்படி வெற்றிலை வைத்து அழைக்கவில்லையாம். நாளைக்கு அங்கே கசெற் ஓடும்போது எங்கள் சத்தம் இல்லையென்றால் சபையில் என்ன நினைப்பார்கள் என்று கேட்டு அனுப்பியிருக்கிறார்கள். அம்மாவும் ஐயாவும் வெற்றிலைத் தட்டத்தோடு போய் அழைத்துவிட்டு வந்தார்கள்.

19.6.86, வியாழன்

நடந்ததை ஒழுங்காக எழுத வேண்டும்.

காலமே வாசலில் நிறைகுடம். வாழை கட்டியிருந்தது. யார் கட்டியது என்று எனக்குத் தெரியாது. பெண்கள் கூறைச் சீலை மாதிரிப் பட்டு உடுத்துக்கொண்டு வந்தார்கள். சத்தத்துக்குச் சீலை எதற்கு என்று நான் கேட்டது ஒருவர் காதிலும் விழவில்லை. பிறகு மைக்குக்குப் பக்கத்தில் யார் இருப்பது என்ற பிரச்சினை. எல்லோரும் பெரிய மைக்கைச் சுற்றி இடம் பிடித்தார்கள். கதிரவேலு அண்ணைக்காக நடு முற்றத்தில் நிறுத்திய அதே பூட்டாத மைக். மாமன் முறையானவர்கள் கிட்ட, மற்றவர்கள் தள்ளி என்று மாமா இடம் பிரித்துக் கொடுத்தார். அதிலும் இரண்டு குடும்பம் முறைத்துக்கொண்டது. நல்லதுதான், கலியாண வீட்டுச் சத்தம் தானாக வந்தது.

சின்ன மைக்கை ஸ்ரூடியோ வாசற்படியில், கதவோரம் வைத்தேன். எல்லாப் பக்கமும் கேட்கிறதுதானே, எங்கே வைத்தால் என்ன.

மணப்பெண்ணாகப் போகிறவள் தன் மேளத்துக்கு முன்னால் வந்து நிற்பது சரியில்லை என்று அம்மா குணத்தை உள்ளே நிற்கச் சொன்னா. அவள் ஸ்ரூடியோ கதவுக்குப் பின்னால் நின்றாள். நான் மிக்சரோடு அறை மூலையில். எங்கள் இரண்டு பேருக்கும் நடுவில் சாக்குத் திரை.

முதல் தரம் பாதியில் ஹெலி வந்தது. சபை முழுக்கப் பட்டுச் சீலையோடு மாமரத்துக்குக் கீழ் ஓடிப் படுத்தது. போனதும் எழும்பி, மண்ணைத் தட்டி, முதலில் இருந்த அதே இடங்களில் போய் இருந்தது. இரண்டாம் தரம் எடுத்தோம். முகூர்த்தம் கிட்ட, மாமா எழும்பி விரலை உயர்த்தி 'கெட்டிமேளம், கெட்டிமேளம்' என்று கத்தினார். இரண்டு தவிலும் விழுந்து விழுந்து அடித்தன. வாழ்த்தக் கையில் வைத்திருந்த அறுகரிசியைச் சனம் வெறும் முற்றத்துக்கு எறிந்தது. அம்மா கண்ணைத் துடைத்தா.

பிறகு எல்லோரும் சாப்பிட்டார்கள்.

20.6.86

விடிய ஹெட்போன் போட்டுக்கொண்டு கேட்கத் தொடங்கினேன். நல்லாய் வந்திருக்கிறது. தெற்கு மூலையில் இரண்டு பேர் வெங்காயத்துக்கு எந்தப் பசளை நல்லது என்று கதைக்கிறார்கள். பெரியப்பா தன்னை அழைத்த முறையில் இன்னும் குறை சொல்கிறார். செல்வநாயகி மாமி யாரிடமோ, மாப்பிள்ளை கொம்பனியில் வேலை என்றது பொய், ஹோட்டலில் கோப்பை கழுவுகிறாராம் என்று மெதுவாகச் சொல்கிறா. கோப்பை கழுவினாலும் மனிசன் நல்ல மைக் பார்த்து வாங்கியிருக்கிறான் என்று நினைத்துச் சிரித்தேன்.

கெட்டிமேளம் வந்தது. அந்தச் சத்தத்திலும் மைக் சிதறவில்லை. அதை ரசித்துக்கொண்டு இருந்தேன்.

அதுக்குள் குணம்.

"எனக்குப் போக விருப்பமில்லை."

அழுது சொல்லவில்லை. பக்கத்தில் நிற்கிற ஒருவருக்குச் சொல்வது போலச் சாதாரணமாகச் சொல்கிறாள். பக்கத்தில் ஒருவரும் இல்லை. மைக்தான் நின்றது.

திருப்பிப் போட்டேன். திரும்பவும் போட்டேன். ஸ்பீக்கரில் போட்டால் மேளம்தான் கேட்கிறது, அவள் இல்லை. ஹெட்போனில் போட்டால் இருக்கிறாள். கெட்டிமேளம் எதுக்கு அடிக்கிறது? தாலி ஏறுகிற நேரம் ஒரு தும்மலோ அபசகுனமான பேச்சோ காதில் விழக்கூடாது என்றுதானே அடிக்கிறது. அவள் அதை நம்பித்தான் சொல்லியிருக்கிறாள். நான் அதையும் மீறிக் கேட்கிற சாமானைத் தேடித் தேடி, ஜேர்மனிக்கு எழுதி எழுதி எடுப்பித்து, அவள் வாய்க்கு நேரே கொண்டுபோய் வைத்திருக்கிறேன்.

21.6.86

தலையிடி என்று ஸ்ரூடியோ திறக்கவில்லை. முதலில் வந்த யோசனை, மைக்கைத் திருப்பிக் கொடுக்க வேண்டி வருமே என்பதுதான். எழுதி வைக்கிறேன், பிறகு நான் மறுத்தாலும் இது இங்கே இருக்கட்டும்.

22.6.86

கிணற்றடியில் குணத்திடம் கேட்டேன். ஹெட்போனில் என்ன கேட்டது என்று சொன்னேன். அவள் வாளியை வைத்தாள். முகம் சிவந்தது, ஆனால் பொய் சொல்லவில்லை. பள்ளிக்கூடத்தில் யாராவது இருக்கிறார்களா என்று கேட்டேன். ஒருவரும் இல்லையாம். அந்தாளில் குறையும் இல்லையாம். தெரிந்தால்தானே குறை சொல்ல என்றாள். பிறகு சொன்னது அப்படியே எனக்குப் பாடம்.

"மைக் எவ்வளவு தாங்கும், எவ்வளவு கேக்கும், சூட்டிலை என்ன செய்யும் எண்டு மூண்டு கடிதம் எழுதினனீங்கள் அண்ணை. அந்தாள் எப்பிடியெண்டு ஒரு வரி கேட்டனீங்களோ? என்னைக் கேட்டனீங்களோ?"

இல்லை. கேட்கேல்லை. வீட்டிலை ஒருத்தரும் கேட்கேல்லை. கேட்டிருந்தால் என்ன சொல்லியிருப்பாய் என்று கேட்டேன். கேட்டுப் பார்த்திருக்கலாமே என்றாள். வாளியைத் தூக்கிக்கொண்டு போய்விட்டாள்.

24.6.86

பொறுக்கேல்லை. அம்மாவையும் ஐயாவையும் ஸ்ரூடியோவுக்குக் கூப்பிட்டு ஹெட்போனில் போட்டுக் காட்டினேன். முதலில் அம்மா. கேட்டா, கழற்றி மேசையில் வைத்தா. பிறகு என்னில்தான் பாய்ந்தா.

"கெட்டிமேளத்துக்கை சொல்லுறது ஒருத்தற்றை காதிலையும் விழக்கூடாது. அதுக்குத்தானே அடிக்கிறது. நீ ஏன் கேட்டனி?"

அம்மா சொல்வதிலும் ஒரு ஞாயம் இருந்தது. எல்லாக் கலியாணத்திலும் இப்படி ஏதாவது ஒன்று மேளத்துக்குள் போயிருக்கும். அம்மாவுடையதிலும் போனதா என்று கேட்க வாய் வரவில்லை.

ஐயா ஹெட்போனைத் தலைகீழாகப் போட்டார். சரிசெய்து விட்டேன். கேட்டுவிட்டு, இன்னொருக்கால் போடு என்றார். பிறகு எழும்பி, கொடியில் கிடந்த சேட்டைப் போட்டுக்கொண்டு, சைக்கிளை எடுத்தார். மானிப்பாயில் மாப்பிள்ளையின் தாய் தகப்பன் இருக்கிறார்கள். எங்கே போகிறீர்கள் என்று அம்மா கேட்டதற்கு, தையிலிருந்து முதன்முறையாக ஒரு முழு வசனம் சொன்னார்.

"பிள்ளைக்கு விருப்பமில்லையெண்டு சொல்லிப்போட்டு வாறன்."

குணம் அடுப்படியில் நின்று கேட்டுக்கொண்டு நின்றாள். அதற்கு மைக் தேவைப்படவில்லை.

6.7.86

மைக்கால் குழம்பின கலியாணம் என்று ஊரில் பெயர். அது என்ன கேட்டது என்று வெளியில் ஒருவருக்கும் தெரியாது. என்னவோ கேட்டிருக்கிறது என்று மட்டும் தெரியும். அதுதான் இப்போது பிரச்சினை.

முதலில் செல்வநாயகி மாமி பலகாரத்தோடு வந்தா. அது இது கதைத்துவிட்டு, அன்றைக்குத் தான் மாப்பிள்ளையைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை, சொல்லியிருந்தால் அழித்துவிடு என்றா. பிறகு பெரியப்பா. பிறகு பசளை கதைத்த இருவரும்: பசளையோடு வேறு என்ன கதைத்தோம் என்று அவர்களுக்கே ஞாபகம் இல்லையாம், எதற்கும் அழிக்கட்டாம். நேற்றுக் கதிரவேலு அண்ணை அளவெட்டியிலிருந்து சைக்கிளில் வந்திருந்தார். இடைவெளியில் தவில்காரரை ஒரு வார்த்தை பேசிவிட்டாராம்.

எல்லோருக்கும் பிளேட் எடுத்து ரேப் நாடாவை வெட்டி ஒட்டிக் கொடுத்தேன். இப்போது எங்கள் வீட்டு வேலியைத் தாண்டும்போது சனம் வாயை மூடிக்கொண்டு போகிறது. அலுமாரிக்குள் வைத்துப் பூட்டு என்று அம்மா திரும்பவும் சொல்கிறா. இந்த முறை உண்மையாகவே பயம்.

குணத்தை மட்டும் வெட்ட முடியவில்லை. கெட்டிமேளத்தை வெட்டாமல் அவளை வெட்ட முடியாது.

18.8.86, திங்கள்

மாப்பிள்ளையின் கடிதம். கோபிக்கவில்லை. பிள்ளைக்கு விருப்பமில்லையென்றால் முதலே தெரிந்தது நல்லது என்று எழுதியிருக்கிறார். மண்டபத்துக்குச் சொன்ன நாளை மாற்ற முடியவில்லையாம். பெண்ணை மாற்றலாம் போலிருக்கிறது: அங்கே தமையனோடு வந்திருக்கும் சாவகச்சேரிப் பிள்ளை ஒன்றைப் பேசி முடித்துவிட்டார்கள், அதே செப்ரெம்பர் பதினாலு, ஆவணிக் கடைசி. மைக் அன்பளிப்புத்தான், திருப்ப வேண்டாம். ஆனால் அந்தக் கசெற்றை அனுப்ப முடியுமா என்று கேட்கிறார். பழையது இன்னும் மோசமாகிவிட்டதாம்.

குணத்திடம் காட்டினேன். புதிதாக எடுக்க வழியில்லை: குழம்பின கலியாணத்துக்கு இரண்டாம் தரம் ஊதமாட்டேன் என்று கதிரவேலு அண்ணை சொல்லிவிட்டார். உள்ளதை அனுப்பினால் உன் குரலும் போகும் என்றேன். அவள் யோசித்தாள். அந்த மனிசன் மரியாதையாக எழுதியிருக்கிறார், அனுப்புங்கோ என்றாள். மண்டபத்து ஸ்பீக்கரில் ஒருவருக்கும் கேட்காது என்றும் சொன்னாள்.

அனுப்பிவிட்டேன்.

14.9.86, ஞாயிறு

இன்றைக்கு அங்கே கலியாணம். குணம் தலை முழுகி, வருஷப் பிறப்புச் சீலையை உடுத்துக்கொண்டு கோயிலுக்குப் போனாள். அவர்களுக்காக அர்ச்சனை செய்வித்தாளாம். பேர், நட்சத்திரம் எல்லாம் அவளுக்குப் பாடமாய் இருந்திருக்கிறது.

3.11.86

பாரிசிலிருந்து இருபது கசெற் கேட்டு ஒருவர் எழுதியிருக்கிறார். லண்டனிலிருந்தும். ஜேர்மனியில் கேட்டவர்கள் சொன்னார்களாம்: சனத்தோடு சேர்ந்த மேளம், ஊருக்கே போய் வந்தது போல இருந்ததாம். பிரதி எடுத்துக் கொண்டிருக்கிறேன். எத்தனை கலியாண வீட்டில் ஓடப்போகிறது. வெட்டாமல்தான் அனுப்பப் போகிறாயா என்று அம்மா கேட்டா. ஓம் என்றேன்.

12.1.87, திங்கள்

ஜேர்மனியிலிருந்து கடிதம். இராசநாயகத்தின் கையெழுத்து அல்ல. அவருடைய மனைவி, அந்தச் சாவகச்சேரிப் பிள்ளை. ஸ்ரூடியோ பெயருக்கு எழுதியிருக்கிறா. எங்களுக்கும் அவருக்கும் இடையில் நடந்த பேச்சு எதுவும் தெரிந்ததாக எழுத்தில் காணவில்லை.

அவர் விடிய வேலைக்குப் போனால் இருட்டித்தான் வருவாராம். வெளியில் பனி. பகலில் தனிய இருக்கும்போது ஊர்ச் சத்தம் கேட்க ஆசையில் கலியாணக் கசெற்றை வோக்மனில் போட்டுக் கேட்பாவாம். கெட்டிமேளத்துக்குள் ஒரு பிள்ளை கதைப்பது கேட்கிறதாம். முதலில் தன் மனப்பிரமை என்று நினைத்தாவாம். அவருக்குச் சொல்லவில்லையாம். 'அந்தப் பிள்ளை ஆர்? பிறகு போனவவோ? தெரிந்தால் எழுதுங்கோ' என்று முடித்திருக்கிறா.

என்ன எழுதுவது என்று தெரியாமல் மத்தியானம் வரை வைத்துக்கொண்டிருந்தேன். குணம் பள்ளிக்கூடத்தால் வந்ததும் கொடுத்தேன். சைக்கிளில் சாய்ந்துகொண்டே வாசித்தாள். திரும்பவும் வாசித்தாள்.

"போகேல்லை எண்டு எழுதுங்கோ அண்ணை."

எழுத இருந்தேன். உள்ளே போனவள் திரும்பி வந்தாள்.

"அவவுக்கு அங்கை பிடிச்சிருக்கோ எண்டும் கேட்டு எழுதுங்கோ. ஒருத்தரும் கேட்டிருக்க மாட்டினம்."